வீட்டு வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் அடுக்க நான்கு வழிகள்: எது யாருக்கு?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே பதினொரு டிவிடி, ஏழு விசிடி, இரண்டு விஎச்எஸ் கேசட், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். 1996-இல் நடந்த அவருடைய கல்யாணத்தில் தொடங்கி, போன வருடம் பேத்திக்குக் காது குத்தியது வரை எல்லாம் அதில் இருந்தது. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுப்பா. நான் இல்லாட்டியும் புள்ளைங்க தேடி எடுக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்.

இதே கேள்வியை வாசகர்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். வெறும் ஃபோல்டர் போதுமா? டிஜிகேம் மாதிரி ஆல்பம் மென்பொருள் வேண்டுமா? கம்ப்யூட்டரில் இருப்பதை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு டிவியில் பார்க்கலாமா? அல்லது கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? நான்கையும் என் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் செய்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

சினிமாப் படங்களை அடுக்குவது வேறு, இது வேறு. சினிமாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. போஸ்டர், நடிகர் பட்டியல் எல்லாம் இணையத்திலிருந்து தானாக வந்துவிடும். சித்தப்பா கல்யாணத்தில் இரண்டாவது வரிசையில் தாவணி போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்று எந்த இணையதளத்துக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்ததை வீடியோவோடு சேர்த்து எங்கே எழுதி வைக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

ஆகவே நான் பார்ப்பது இவற்றை:

- இருபது வருடம் கழித்து, இன்றைய மென்பொருள் எதுவும் இல்லாமல், நாமும் பக்கத்தில் இல்லாமல், ஒருவர் திறந்து புரிந்துகொள்ள முடியுமா? நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான்.
- "ஆச்சி இருக்கிற வீடியோ எல்லாம் வேணும்" என்றால் எடுக்க முடியுமா?
- வயதானவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டிலேயே பார்க்க முடியுமா?
- வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்ட முடியுமா?
- பணம், நேரம், மின்சாரம் எவ்வளவு? பிடிக்கவில்லை என்று விட்டு வெளியே வர எவ்வளவு பாடு?

## எந்த வழிக்குப் போனாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

இதைச் சொல்லாமல் ஒப்பீட்டுக்குள் போக மனம் வரவில்லை. எல்லா விசிடியிலும் வீடியோ ஃபைலின் பெயர் ஏறக்குறைய ஒன்றேதான். டிவிடியும் அப்படித்தான்: எதைத் திறந்தாலும் வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் விடிஎஸ் 01-1, 01-2 என்று ஒரே பெயரில் விஓபி ஃபைல்கள். 2006-க்குப் பிறகு வந்த ஏவிசிஎச்டி (எச்டி வீடியோவைப் பதியும் ஒரு முறை) ஹேண்டிகேம்களில், கார்டை ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் மறுபடி 00000 என்றே எண் தொடங்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் என் அண்ணன் கல்யாண டிவிடிகளை ஒரே ஃபோல்டரில் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பி செய்தேன். "ஏற்கனவே இருக்கிறது, மாற்றட்டுமா?" என்று கேட்டதற்கு எல்லாவற்றுக்கும் ஆம் கொடுத்தேன். இரண்டாவது டிவிடி முதலாவதின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதற்குள் முதல் டிவிடியில் கீறல் விழுந்து, முகூர்த்தப் பகுதி படிக்கவே இல்லை. தாலி கட்டும் காட்சி இப்போது எங்களிடம் புகைப்படமாக மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். டிஸ்க்கின் மேல் பேனாவால் எழுதியிருப்பதை அப்படியே ஃபோல்டரின் பெயராகக் கொடுங்கள். பெயரைத் திருத்துவதெல்லாம் அப்புறம். டிவிடி வீடியோ ஒரு ஜிபி துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு அவற்றை ஒரே எம்கேவி ஃபைலாகச் சேர்த்துவிட்டால் தரம் துளியும் குறையாது, பேச்சும் நடுவில் அறுபடாது.

## வழி 1: ஃபோல்டரும் பெயரும் மட்டும்

வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர், ஃபைலுக்கு ஒழுங்கான பெயர். அவ்வளவுதான். நான் வைக்கும் பெயர் இப்படி இருக்கும்:

1996-06-05 முருகேசன் செல்வி கல்யாணம் 2 முகூர்த்தம்

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். நாம் வழக்கமாக எழுதுவது போல நாளை முன்னால் போட்டால், எல்லா வருடத்து ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகக் குவிந்துவிடும்.

பெயரில் உறவுமுறையை எழுதாதீர்கள். நானும் முதலில் "சித்தப்பா கல்யாணம்" என்றுதான் எழுதினேன். அவர் எனக்குச் சித்தப்பா. அவர் மகளுக்கு அது அப்பா கல்யாணம், பேத்திக்குத் தாத்தா கல்யாணம். பேத்தி வளர்ந்து ஒருநாள் திறந்து பார்க்கும்போது "சித்தப்பா" என்றால் யாரென்று அவளுக்குப் புரியாது. ஆளின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஊரையோ வீட்டில் கூப்பிடும் பெயரையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதி தெரியவில்லையா? கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும் அதில் இருக்கும். பல வீடுகளில் ஒரு பிரதி பீரோவிலோ பூஜை அறையிலோ கிடைக்கும். வீடியோவின் மூலையில் ஓடும் தேதியை அப்படியே நம்பக்கூடாது. கேமராவின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலின் பெயரிலும் தேதி இருக்கும், ஆனால் அது பொதுவாக வீடியோ நம் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. மாதம் நாள் எதுவுமே தெரியாவிட்டால் 1994-00-00 என்று போட்டுவிடலாம். வருடத்தின் தொடக்கத்தில் போய் உட்காரும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஃபோல்டரிலும் "குறிப்பு" என்று ஒரு நோட்பேட் ஃபைல் வையுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் யார் வருகிறார், எந்த ஊர், எந்த மண்டபம் என்பதெல்லாம் அதில். சித்தப்பாவையும் அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவை ஓடவிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "நிறுத்து நிறுத்து, அது எங்க பெரிய மாமா. அடுத்த வருஷமே போயிட்டாரு" என்றார் அத்தை. அவர் அசைவதும் பேசுவதும் பதிவான ஒரே இடம் அதுதானாம். 14-ஆவது நிமிடம், 20-ஆவது விநாடி என்று எழுதி வைத்தேன். இப்போது அவர் பெயரைத் தேடினால் அந்த நோட்பேட் ஃபைல் வந்துவிடும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். தாராளமாக வைக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் யூனிகோட் தமிழை ஏற்கும். இரண்டே கவனங்கள். பென் டிரைவைச் செருகினால் சில டிவிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும். தேதி முன்னால் இருப்பதால் அப்போதும் வழி கண்டுபிடிக்கலாம். இன்னொன்று, லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகும், "கி" மாதிரி உயிர்மெய்க்கு 6. நாற்பது எழுத்துக்குள் பெயரை முடித்துக்கொண்டால் சிக்கல் வராது.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம்தான். சித்தப்பாவின் பைக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. குறையும் உண்டு: ஒரு வீடியோ ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். ஆச்சி பதினான்கு நிகழ்ச்சிகளில் இருக்கிறார் என்றால், குறிப்பு ஃபைல் எழுதாதவர்கள் பதினான்கையும் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

## வழி 2: டிஜிகேம் போன்ற ஆல்பம் மென்பொருள்

மேலே சொன்ன குறைக்கு மருந்து இதுதான். டிஜிகேம் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புகைப்படத்துக்கென்று வந்தது என்றாலும் வீடியோவையும் ஏற்கும். ஒரே வீடியோவுக்கு "ஆச்சி", "காரைக்குடி வீடு", "கல்யாணம்" என்று எத்தனை டேக் (அடையாளச் சொல்) வேண்டுமானாலும் போடலாம். ஒரு டேக்கைத் தட்டினால் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். முகத்தை அடையாளம் காணும் வசதி படங்களுக்குத்தான். வீடியோவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை நாமே பார்த்து டேக் போட வேண்டும்.

நாம் போடும் டேக் எங்கே போய் உட்காருகிறது என்று கவனியுங்கள். அது மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் மட்டும் இருந்தால், கம்ப்யூட்டர் மாறும்போது காணாமல் போகலாம். டிஜிகேமின் அமைப்புகளில், ஒவ்வொரு வீடியோவுக்குப் பக்கத்திலும் எக்ஸ்எம்பி என்ற சிறு ஃபைலை எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு வீடியோவை எங்கே நகர்த்தினாலும் அந்தச் சிறு ஃபைலையும் கூடவே நகர்த்துங்கள்.

மென்பொருள் நிரந்தரம் இல்லை என்பதற்கு பிக்காசா நல்ல உதாரணம். நம்மில் பலர் வீட்டுப் படங்களை அதில்தான் அடுக்கி வைத்திருந்தோம். 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்தியது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் போட்டோஸ் கூடவே வருகிறது. பயன்படுத்த அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது எல்லாவற்றையும் தன் லைப்ரரிக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஃபைல்களின் பெயர்கள் நீளமான எண்ணும் எழுத்துமாக மாறியிருக்கும். வெளியே எடுக்கும்போது மாற்றப்படாத அசலாக ஏற்றுமதி செய்ய வேண்டும். ஐபோன் வீடியோக்களுக்கு மட்டும் என்றால் சரி. பழைய டிவிடி, கேசட் தொகுப்பை அதற்குள் போட நான் சொல்ல மாட்டேன்.

## வழி 3: ஜெல்லிஃபின், பிளெக்ஸ்: வீட்டுக்குள் ஒரு சர்வர்

அம்மா அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போவது இதுதான். கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் ஓடும். ஆண்ட்ராய்டு டிவியில் அதன் ஆப். டிவியைப் போட்டால் படங்களோடு வரிசையாக வரும். ரிமோட்டில் ஒரு தட்டு, கல்யாணம் ஓடும். என் அம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் தங்கையின் வளைகாப்பைத் தானே தேடிப் போட்டுப் பார்த்த அன்று, இந்த வேலை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

லைப்ரரி உருவாக்கும்போது திரைப்படம் என்று கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் "செல்வி" என்ற பெயரைப் பார்த்து ஏதோ ஒரு சினிமாவின் போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டும். வீட்டு வீடியோக்களுக்கென்று தனி வகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நாம் வைத்த பெயரையே காட்டும். வழி 1-இல் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால்தான் இது நன்றாக இருக்கும் என்பது இதிலிருந்தே தெரியும்.

செலவுக்கு வருவோம். மென்பொருள் இலவசம், மின்சாரம் இலவசம் இல்லை. 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், ஒரு பில்லுக்கு 72 யூனிட் கூடும். பார்க்கும்போது மட்டும் போட்டு அணைத்தால் இது கரைந்துவிடும். அப்புறம், பழைய டிவிடி, ஹேண்டிகேம் ஃபார்மேட்டுகளைப் பல டிவிகள் நேரடியாக ஓட்டாது. சர்வர் அங்கேயே மாற்றி மாற்றி அனுப்பும். கம்ப்யூட்டர் மிகப் பழையதாக இருந்தால் படம் திக்கித் திக்கி ஓடும்.

வெளியூர் ஆட்களுக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை. ஜெல்லிஃபினை வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க நெட்வொர்க் அமைப்பு தெரிந்த ஒருவர் வேண்டும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான பிளெக்ஸில் அது எளிது. ஆனால் 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து, வெளியிலிருந்து பார்ப்பது அங்கே கட்டண வசதி ஆகிவிட்டது.

## வழி 4: கூகுள் போட்டோஸ்

வெளிநாட்டில் மகன், மகள் இருப்பவர்கள் முதலில் நினைப்பது இதைத்தான். நியாயமும்கூட. லிங்க் அனுப்பினால் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் அடுத்த நிமிடம் பார்க்கலாம். போனில் எடுக்கும் வீடியோ தானாக ஏறிக்கொள்ளும்.

பழைய தொகுப்பு முழுவதையும் ஏற்றுவது வேறு கதை. அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது இலவசம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நிரம்பிவிட்டால் மெயில் வருவதே நின்றுவிடும். சித்தப்பாவின் தொகுப்பு கேசட் இல்லாமலே 365 ஜிபி வந்தது. 100, 200 ஜிபி திட்டங்களில் அடங்காது, 2 டிபி திட்டத்துக்குத்தான் போக வேண்டும். வருடா வருடம், யாராவது ஒருவர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் இடைவிடாமல் 40 மணி நேரம் ஆகும்.

விசிடி, டிவிடி ஃபைல்களை எம்பி4 ஆக மாற்றித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றிய பிறகு 1996 கல்யாணம், மாற்றிய அன்றைய தேதியில் போய் உட்காரும். தேதியைத் திருத்தலாம். ஆனால் என்றாவது எல்லாவற்றையும் மொத்தமாக வெளியே எடுக்கும்போது, நாம் திருத்திய தேதியும் எழுதிய விவரமும் வீடியோவுக்குள் இருக்காது, ஜேசன் என்ற தனி ஃபைல்களில் வரும். அவற்றை மறுபடி பொருத்துவது பெரிய வேலை.

இன்னொரு விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023-இல் அறிவித்தது. தாத்தா கணக்கில் எல்லாம் இருக்கிறது, பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலை வேண்டாம்.

யூடியூபில் பட்டியலிடாத வீடியோவாக ஏற்றலாமே என்று கேட்கிறார்கள். இடத்துக்குக் காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம் கல்யாண வீடியோக்களில் பின்னணியில் ஓடுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. காப்புரிமைக் கோரிக்கை வந்து சில நேரம் வீடியோவே தடுக்கப்படும். லிங்க் கிடைத்த யாரும் பார்க்கவும் முடியும். மஞ்சள் நீராட்டு வீடியோவை அப்படி ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்தப் பெண் இன்று வளர்ந்தவர், அவரைக் கேட்காமல் எங்கேயும் பகிரக்கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஃபோல்டர் | டிஜிகேம் | ஜெல்லிஃபின் | கூகுள் போட்டோஸ் |
|---|---|---|---|---|
| 20 வருடம் கழித்து | மிக நன்று | எக்ஸ்எம்பி இருந்தால் நன்று | ஃபோல்டர் ஒழுங்கைப் பொறுத்தது | கணக்கும் கட்டணமும் தொடர்ந்தால் |
| ஆளை வைத்துத் தேட | குறிப்பு ஃபைல் எழுதினால் | மிக நன்று | சுமார் | போன் வீடியோவுக்குப் பரவாயில்லை |
| டிவியில் பார்க்க | பென் டிரைவில் | சுமார் | மிக நன்று | நன்று |
| வெளியூருக்குக் காட்ட | முடியாது | முடியாது | தெரிந்தவர் வேண்டும் | மிக நன்று |
| தொடர் செலவு | இல்லை | இல்லை | மின்சாரம் | வருடக் கட்டணம் |
| விட்டு வெளியேற | பிரச்சினை இல்லை | சுலபம் | சுலபம் | பாடு அதிகம் |

நான்கில் எதுவும் தனியாக நின்றால் காப்பு நகல் ஆகாது. போனிலிருக்கும் கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒன்றை அழித்தால் மேலே ஏற்றியதும் சேர்ந்தே போகும். எந்த வழியிலும் இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும், ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். அவற்றை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. பழைய ஹேண்டிகேமில் போடும் மினி டிவி (MiniDV) கேசட்டில் ஒரு மணி நேரமே 13 ஜிபி வரும்.

## யார் எதை எடுக்கலாம்

ஐம்பது வீடியோவுக்குள்தான் இருக்கிறது, பார்ப்பது எப்போதாவது என்றால் வழி 1 போதும். வேறெதையும் தேடி அலைய வேண்டாம்.

புகைப்படங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, குடும்ப வரலாறு எழுதும் ஆர்வமும் இருக்கிறது என்றால் வழி 1-க்கு மேல் டிஜிகேம்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆண்ட்ராய்டு டிவி இருக்கிறது, பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் வழி 1-க்கு மேல் ஜெல்லிஃபின். என் வீட்டில் இருப்பது இதுதான்.

பிள்ளைகள் கடல் கடந்து இருந்தால் எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் பத்து நிமிடம் வெட்டி எடுத்து, அதை மட்டும் ஏற்றுங்கள். அசல் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். மூன்று மணி நேர வரவேற்பு வரிசையைவிட அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டரே இல்லாமல் எல்லாம் போனில்தான் என்பவர்களுக்கு மட்டும் கூகுள் போட்டோஸை முதன்மையாகச் சொல்வேன், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை யாரிடமாவது கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்கும் நிபந்தனையோடு.

சித்தப்பாவுக்கு வழி 1 செய்து கொடுத்தேன். ஒரு ஹார்ட் டிஸ்க் அவர் பீரோவில், இன்னொன்று மகள் வீட்டில். பேத்தி காது குத்திய வீடியோவிலிருந்து எட்டு நிமிடம் வெட்டி, துபாயில் இருக்கும் மகனுக்கு லிங்க் அனுப்பினோம். இரண்டு கேசட்டும்தான் பாக்கி. அவற்றை ஓட்டும் விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நல்ல நிலையில் ஓடும் பிளேயர் வைத்திருக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். டேப்பில் பூஞ்சை இருப்பதால் சுத்தம் செய்த பிறகுதான் ஓட்டுவார்களாம். வந்ததும் அவை போக வேண்டிய இடத்தில் 1996 என்ற ஃபோல்டர் காலியாகக் காத்திருக்கிறது.